சுவடு காட்டாத கருவிகள்: போட்டி ரோபோக்களின் பட்டறையில் கைக்கருவிகளின் ஸ்தானம்

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாங்காக் நகரில் நடைபெற்ற ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் ரோபோகான் போட்டியில், நமது ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் முதற்பரிசு பெற்றார்கள். அவ்வாண்டுப் போட்டியின் விதி மிகவும் நூதனமானது. ஒவ்வோர் அணியும் இரண்டு வகை ரோபோக்களைக் கொண்டுவர வேண்டும். அவற்றுள் ஒன்றுக்குத் தன்னைத் திசை திருப்பிக்கொள்ளும் சக்தி மட்டுமே உண்டு, ஓடும் சக்தி கிடையாது. மற்றொன்று அதைத் தொடாமலேயே, காற்றை வீசியோ காந்தத்தைக் காட்டியோ மேடுகளையும் வளைவுகளையும் கடக்கச் செய்து, அது சுமந்துவரும் காற்றாலைச் சிறகை இறுதியில் தான் வாங்கிக்கொண்டு, கம்பத்தின் மேலேறிப் பொருத்த வேண்டும். பிறர் வீசும் காற்றை நம்பியே நகர வேண்டிய அந்தச் சிறு வண்டியைச் சற்றே எண்ணிப் பார்த்தால், அச்சில் ஒட்டியிருக்கும் மயிரிழைப் பிசிறும், சக்கரங்களுக்கிடையே உள்ள அரை மில்லிமீட்டர்க் கோணலும் அதன் ஓட்டத்தைக் கெடுத்துவிடப் போதுமானவை என்பது விளங்கும். அந்தப் பிசிறை நீக்குவதும் அந்தக் கோணலைக் கண்டுபிடிப்பதும் எந்தக் கருவியின் வேலை? இக்கட்டுரை ஆராய விரும்பும் வினா இதுவே.

இன்னும் விரித்துச் சொல்வதானால், போட்டி ரோபோக்களைக் கட்டுகிறவர்களும் பேணுகிறவர்களும் கையில் எடுக்கும் கருவிகளுள், தாம் செய்யும் உபகாரத்துக்கு ஏற்ற மதிப்பைப் பெறாதவை எவை, அம்மதிப்பு ஏன் குறைந்தது, அதை மீட்பதனால் நம் பிள்ளைகளுக்கு வரும் பயன் யாது என்பன இங்கே கவனிக்கப்படும்.

போட்டியின் இயல்பு

இவ்வகைப் போட்டிகளின் மூலத்தைத் தேடினால் ஜப்பானுக்குச் செல்ல வேண்டும். அந்நாட்டின் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., பேராசிரியர் மசாஹிரோ மோரியின் எண்ணத்தைப் பின்பற்றி 1988இல் தொடங்கிய மாணவர் போட்டியே, 2002இல் டோக்கியோவில் ஆசிய பசிபிக் போட்டியாக விரிந்தது. 2006இல் அது கோலாலம்பூருக்கு வந்தபோது நமது இரட்டைக் கோபுரங்களைக் கட்டுவதே ரோபோக்களுக்கு இடப்பட்ட பணியாக இருந்தது. 2008இலும் 2014இலும் புணே நகரமும், 2022இல் புது தில்லியும் அதை நடத்தின. அமெரிக்காவில் டீன் கேமன் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பின் பள்ளி மாணவர் போட்டி 1992இல் தொடங்கியது. சிறுவர்களுக்கான உலக ரோபோ ஒலிம்பியாட் 2004இல் நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில் பிறந்தது. 2012இல் அதன் உலகச் சுற்று கோலாலம்பூரில் நடந்தது. ஜொகூரை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஸ்கூடாயோடு பத்து பஹாட்டை அடுத்த பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இம்மாநிலத்தைப் பொறியியற் கல்விக்கு ஒரு கேந்திரமாக ஆக்கியிருக்கின்றன.

ரோபோகான் ஆட்டம் ஒன்றின் காலம் பெரும்பாலும் மூன்றே நிமிஷம். ஆட்டத்துக்கு முன் ரோபோவை நிறுத்திச் சரிசெய்துகொள்ளக் கிடைப்பது ஒரு நிமிஷம். ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையே, அரங்கின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட மேசையருகே, பல்கலைக்கழகத்தின் பெரிய யந்திரங்கள் எவையும் துணைக்கு வாரா. பெட்டியில் இருப்பதும் கையில் பழகியிருப்பதுமே துணை. மாதக் கணக்கில் நடந்த நிர்மாண வேலையை நடத்தியது யந்திரமாக இருக்கலாம். அந்தச் சில நிமிஷங்களை நடத்துவது கைக்கருவியே.

மதிப்புக் குறைந்த காரணம்

அவ்வாறிருக்க, ரோபோப் பட்டறையைப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் காட்டப்படுபவை முப்பரிமாண அச்சு யந்திரமும், லேசர் வெட்டியும், கணினியின் கட்டளைப்படி கடையும் யந்திரமுமே. அவை போற்றத்தக்கவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அவற்றின் புகழால் அரமும் மூலைமட்டமும் அலமாரியின் அடித்தட்டுக்குப் போனதற்கு மூன்று காரணங்கள் உள்ளன என்பது என் அபிப்பிராயம்.

முதலாவது, நம் குழந்தைகள் ரோபோக் கலைக்குள் நுழையும் வாயில். தமிழ்ப் பள்ளிகளிலும் பிற பள்ளிகளிலும் அவர்கள் முதலில் கையாள்வது ஒன்றோடொன்று சொடுக்கிப் பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள். அவை புத்தியைத் தீட்டுவன. ஆனால் அவற்றுக்கு அளவுகோல் வேண்டாம், அரம் வேண்டாம், திருகாணியும் வேண்டாம். அப்பயிற்சியோடு வளர்ந்த மாணவன், பல்கலைக்கழகத்தில் முதன்முறையாக ஓர் அலுமினியத் தகட்டைச் சந்திக்கும்போது, உலோகத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு என்பதை அறியாதவனாக இருக்கிறான். இரண்டாவது, தோட்டத்து ஆலைகளிலும் இரயில்வேப் பட்டறைகளிலும் ஃபிட்டர்களாக உழைத்த நம் முன்னோர் கைவழியாகக் கற்பித்த வித்தை, அந்தத் தலைமுறையோடு பெரும்பாலும் நின்றுபோனமை. மூன்றாவது காரணமே எல்லாவற்றினும் ஆழமானது. துளையிடும் யந்திரம் ஒரு துளையை விட்டுச் செல்கிறது. அச்சு யந்திரம் ஓர் உறுப்பை விட்டுச் செல்கிறது. பிசிறு நீக்கும் கத்தியோ, வேலை முடிந்தபின் அங்கே ஒன்றுமே இல்லை என்ற நிலையை உண்டாக்கிவிட்டுப் போகிறது. தன் வேலையின் சுவடு கண்ணுக்குத் தெரியாத கருவியை மனிதர் மறப்பது இயல்பு. எனவே, மதிப்பிழந்த கருவி எது என்று காண ஒரு சுலபமான சோதனை உண்டு: அது சரியாக வேலை செய்த இடத்தில் எவருக்கும் எதுவும் தோன்றாது, செய்யாத இடத்தில்தான், அதுவும் அரங்கின் நடுவில்தான், தோன்றும்.

அளவும் குறியும்

இந்தச் சோதனையில் முதலில் தேறுபவை அளவுக் கருவிகள். பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631இல் வெளியிட்ட நுண்ணளவு முறையால் பெயர் பெற்ற வெர்னியர் அளவி, இன்று எண்களைத் திரையில் காட்டும் வடிவத்தில் எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. ஆனால் அதனோடு சேர்ந்து நிற்க வேண்டிய மூலைமட்டமும், எஃகு அளவுகோலும், கோடு கீறும் ஊசியும் பல பட்டறைகளில் இல்லை. கணினித் திரையில் சட்டத்தின் மூலைகள் எப்போதும் செங்கோணமாகவே இருக்கும். போல்ட்டுகளை இறுக்கும்போது உலோகச் சட்டம் அந்தக் கோணத்திலிருந்து நழுவுவதைத் திரை சொல்லாது, மூலைமட்டம் சொல்லும். ஒரு சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் சமமா என்று பார்க்கும் பழைய தச்சர் வழக்கம், எந்த ரோபோவின் அடிச்சட்டத்துக்கும் பொருந்தும்.

இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது மையக் குத்தூசி. துளையிடும் அலகு சமதளமான உலோகத்தின்மேல் சுழலத் தொடங்கும்போது, தான் நிற்க ஒரு பள்ளம் கிடைக்காவிட்டால் அது அலையும். அலைந்த துளை அரை மில்லிமீட்டர் விலகும். நான்கு துளைகள் அப்படி விலகினால் மோட்டார் கோணலாக உட்காரும். கோணலான மோட்டார் தன் பற்சக்கரத்தைத் தேய்க்கும். அழுத்தினால் உள்ளிருக்கும் வில் தானே விடுபட்டுக் குத்தும் தானியங்கிக் குத்தூசி சிறு பையில் அடங்கும் பொருள். ஆயினும், போட்டிக்கு வந்த இடத்தில் புதிய துளை ஒன்று போட வேண்டிய அவசரம் நேர்ந்தபோது, அதைத் தேடாத அணி அரிது.

பிசிறு என்னும் சிறு பகை

அடுத்துச் சொல்லப்போவது இக்கட்டுரையின் இருதயம் என்பதால், வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு என்னுடன் நிற்க வேண்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் அணி ஒன்றின் பயிற்சி நாளில் நான் உடனிருந்தேன். அவர்களுடைய ரோபோவின் ஒரு சக்கரத் தாங்கி மட்டும், எத்தனை முறை இறுக்கினாலும், நான்கைந்து ஓட்டங்களில் தளர்ந்துவிட்டது. உதவிக்கு வந்திருந்தவர், பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் நெடுங்காலம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்.

“டைட்டாத்தான் வெச்சோம் அங்கிள், அது தானா லூஸ் ஆகுது” என்றான் ஒரு மாணவன்.

“போல்ட்டைத் திட்டாதே தம்பி. கழற்றிட்டு ஓட்டையைத் தடவிப் பாரு” என்றார் அவர்.

இரண்டு தகடுகளையும் பிரித்து விரலை வைத்தபோது, துளையின் விளிம்பைச் சுற்றி முள்போல் ஒரு வளையம் தட்டுப்பட்டது. துளையிட்டபோது எழுந்த பிசிறு அது. பெரியவர் துளையைவிடப் பெரியதோர் அலகைத் தம் விரல்களாலேயே பிடித்து, ஒவ்வொரு துளையின் வாயிலும் வைத்து இரண்டே சுற்றுச் சுற்றினார். கண்ணுக்குத் தெரியாத தூளாக அலுமினியம் உதிர்ந்தது. மீண்டும் பூட்டிய போல்ட் அன்று மாலைவரை தளரவில்லை.

இதன் காரணம் யந்திர சாஸ்திரத்தில் தெளிவாக உள்ளது. போல்ட் என்பது உண்மையில் மிகவும் விறைப்பான ஒரு வில். இறுக்கும்போது அது சற்று நீள்கிறது, அந்த நீட்சியின் இழுப்பே தகடுகளைப் பிணைத்து வைத்திருக்கிறது. பத்து மில்லிமீட்டர் தடிமனைப் பிணைக்கும் சாதாரண எஃகு போல்ட், முறையாக இறுகும்போது நீளுவது ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஏறத்தாழ இரண்டு பங்குதான். இரண்டு தகடுகளுக்கிடையே அகப்பட்ட பிசிறு, ஓட்டத்தின் அதிர்வில் நசுங்கி அதே அளவு தாழ்ந்துவிட்டால், போல்ட்டின் நீட்சி முழுவதும் போய்விடும், இழுப்பும் போய்விடும், அதன்பின் அது துளைக்குள் கிடக்கும் ஓர் ஆணியே. போல்ட் தளர்ந்தது என்று நாம் சொல்லுமிடத்தில், போல்ட் அசையாமலே இருந்து, அடித்தளம் அமிழ்ந்திருக்கக்கூடும். இதை அறிந்தபின், பிசிறு நீக்கும் வளைந்த கத்தியும், குழிவு அலகும், ஓர் அரைவட்ட அரமும் எந்த அச்சு யந்திரத்துக்கும் குறையாத ஸ்தானத்துக்கு உரியவை என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

அரத்தைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள். அது முன்னே தள்ளும்போது மட்டுமே வெட்டும். பின்னே இழுக்கும்போதும் அழுத்துகிறவன் அதன் பற்களை மழுக்குகிறான். அலுமினியம் மென்மையானதாகையால், அதன் தூள் அரத்தின் பற்களுக்கிடையே அப்பிக்கொண்டு, அடுத்த தள்ளலில் பரப்பையே கீறிவிடும். வேலைக்கு முன் அரத்தின்மேல் சாக்குக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் தூள் அப்புவது குறையும். மீறி அப்பியதைக் கம்பித் தூரிகையால் துலக்கலாம். சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் சிறு திருகாணி வழுக்குகிறதென்று வருந்தும் மாணவர்கள், உருண்டையான அச்சில் அரத்தால் ஒரு சிறு தட்டைப் பரப்பு அமைத்து, அதன்மேல் திருகாணி அமரும்படி செய்தால், அந்த வருத்தம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பிணைப்பு

ரோபோவில் மிகுதியாகக் காணப்படும் ஆறுமூலைக் குழித் தலைத் திருகாணி, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து வில்லியம் ஆலன் 1910இல் பெற்ற உரிமத்தால் பரவியது. ஆகையால்தான் அதன் சாவியை இன்றும் ஆலன் சாவி என்கிறோம். இச்சாவியைப் போல் அலட்சியமாக நடத்தப்படும் கருவி வேறில்லை. நாம் மெட்ரிக் அளவில் வாழ்கிறோம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் உறுப்புகளில் அங்குல அளவுத் திருகாணிகளும் கலந்திருக்கும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு 3.175 மில்லிமீட்டர். அந்தக் குழிக்குள் 3 மில்லிமீட்டர் சாவியை இட்டால் அது நுழையும், திரும்பவும் செய்யும். ஆனால் பலமாக அழுத்தியவுடன் மூலைகளை மழித்துவிடும். மூலை மழிந்த ஒரு திருகாணியைக் கழற்றச் செலவாகும் நேரத்தில் ஓர் ஆட்டமே முடிந்துபோகும். ஆகவே, மெட்ரிக் சாவிகளுக்கு ஒரு நிறமும் அங்குலச் சாவிகளுக்கு வேறொரு நிறமும் பூசி, ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் தனித்தனி இடம் வைப்பது அவசியம். உருண்டை முனைச் சாவி சாய்ந்த நிலையிலும் திருப்ப உதவும். ஆனால் அதன் தொடுபரப்புக் குறைவாகையால், கடைசி இறுக்கத்துக்கு நேர்முனையையே பிரயோகிக்க வேண்டும். முனை தேய்ந்த சாவியை எறிய வேண்டியதில்லை. தேய்ந்த நுனியை மட்டும் அரைத்து நீக்கினால் புதிய மூலைகள் கிடைக்கும்.

திருப்புளியிலும் இத்தகைய மறைவான பேதம் ஒன்றுண்டு. ஹென்றி பிலிப்ஸ் 1936இல் உரிமம் பெற்ற சிலுவைத் தலைத் திருகாணியும், ஜப்பானியத் தரத்தின்படி செய்யப்பட்ட சிலுவைத் தலைத் திருகாணியும் பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும். ஜப்பானியச் சர்வோ மோட்டார்களிலும் சிறு யந்திரங்களிலும் உள்ள திருகாணிக்குள் பிலிப்ஸ் திருப்புளி அடிவரை அமர்வதில்லை. மேலேறி நழுவித் தலையைக் கெடுக்கிறது. ஜப்பானியத் தரத்துக்கு ஏற்ற திருப்புளி ஒன்றைப் பெட்டியில் வைத்திருப்பவர், அநேகர் பழிக்கும் ‘மட்டமான திருகாணி’ உண்மையில் மட்டமானதல்ல என்பதைக் கண்டுகொள்வார்.

மரை தளராமல் காக்கும் பசையும் ஹார்ட்ஃபோர்டிலேயே தோன்றியது ஒரு சுவாரசியமான ஒற்றுமை. அந்நகரத்து டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953இல் அதை உருவாக்கினார். காற்றில்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால் மட்டுமே அது உறையும். நீல நிறத்தது சாதாரணக் கருவியால் கழற்றத்தக்கது. சிவப்பு நிறத்தது சூடு காட்டினாலன்றி இலகுவில் விடாது. பாலிகார்பனேட் தகட்டின்மேல் இது பட்டால் தகடு வெடிப்பு விடும் என்பதை மறக்கலாகாது. அவ்விடங்களில் நைலான் வளையம் பதித்த நட்டே நலம்.

பிணைப்புக்கு உதவும் இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைக்க விரும்புவது ஒரு சாயப் பேனா. இறுக்கி முடித்த போல்ட்டின் தலையிலிருந்து சட்டத்தின்மேல் வரை ஒரே கோடாக வெள்ளைச் சாயம் தீட்டிவிட்டால், போல்ட் சற்றே திரும்பினாலும் கோடு முறிந்து காட்டும். விமானப் பராமரிப்பில் வழங்கும் முறை இது. நாற்பது போல்ட்டுகளையும் சாவி வைத்துச் சோதிக்க நேரமில்லாத இடத்தில், நாற்பது கோடுகளையும் ஒரு நோட்டத்தில் பார்த்துவிடலாம்.

கம்பியும் மற்றவையும்

ரோபோ அரங்கில் திடீரென நின்றுவிட்டால், அதற்குக் கம்பி இணைப்பே காரணமாக இருப்பது அடிக்கடி காணும் அனுபவம். கம்பியின் நுனியில் உலோக முனையைச் சாதாரணக் குறடால் நசுக்குகிறவர்களும், ஈயப் பற்று வைத்துவிட்டால் உறுதி என்று எண்ணுகிறவர்களும் உண்டு. ஈயம் இழைகளினூடே ஊறிக் கம்பியின் ஒரு பகுதியை விறைப்பாக்கிவிடும். அந்த விறைப்பு முடியுமிடத்தில் அதிர்வு குவிந்து இழைகள் ஒவ்வொன்றாக அறும். இதற்கு மாற்று, முழு அழுத்தம் முடியும்வரை வாய் திறக்காத பற்சட்ட நெரிகுறடு. கையின் பலம் எவ்வளவாயினும், அது தரும் அழுத்தம் ஒரே அளவு. ஆகையால் அணியின் இளைய மாணவி செய்த இணைப்பும் மூத்தவன் செய்த இணைப்பும் ஒரே தரமாக அமையும். செய்த இணைப்பைச் சோதிக்க, விமானப் பயணிகள் பெட்டியை நிறுக்கும் கொக்கித் தராசு போதும். கம்பியைக் கொக்கியில் மாட்டி நிதானமாக இழுத்து, எத்தனை கிலோவில் முனை கழல்கிறது என்று மாதிரி ஒன்றிரண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

நைலான் கட்டுகளை மட்டமாக வெட்டும் குறடு, வளைந்த ஊசிகளின் தொகுதி, நீண்ட காம்புடைய சிறு கண்ணாடி, நுனியில் காந்தம் பொருத்திய தண்டு ஆகியவற்றை இங்கே பெயரளவில் குறிப்பிடுகிறேன். சட்டத்துக்குள் விழுந்த நட்டை ஒருமுறை தேடியவர்களுக்கு அவற்றின் பெருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேணும் முறை

நம் ஜொகூரின் காற்று ஆண்டு முழுதும் ஈரமானது. வியர்த்த கை பட்ட எஃகு சில நாட்களில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் அளவுக் கருவிகளை எண்ணெய் தோய்ந்த துணியால் துடைப்பதும், வெர்னியரின் தாடைகளைச் சற்றே திறந்து வைப்பதும், அரங்களை ஒன்றன்மேல் ஒன்று உரசாதபடி அடுக்குவதும் எளிய நியமங்கள். அரத்தில் தேய்த்த அதே சாக்குக்கட்டியில் இரண்டு துண்டைப் பெட்டியின் மூலையில் வைத்தால் அது ஈரத்தையும் ஓரளவு உறிஞ்சும். நவராத்திரியின்போது ஆயுத பூஜைக்காகக் கருவிகளை வெளியே எடுத்துத் துடைத்துச் சந்தனமிடும் வழக்கம் நம்மவரிடம் இன்னும் மறையவில்லை. பெட்டி முழுவதையும் கவிழ்த்துக் கணக்கெடுக்கும் அந்தச் சிரத்தையைப் போட்டிக்கு முந்திய ஒவ்வொரு வாரத்துக்கும் நீட்டித்துக்கொண்டால் போதும்.

ஒரு தடையும் அதன் விடையும்

யந்திரங்கள் இன்னும் நுட்பமாகும் காலத்தில் கைக்கருவிப் பயிற்சி வீண் என்று சிலர் கருதுகிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி மெய். கையால் செய்யும் பற்சக்கரம் யந்திரம் செய்வதற்கு நிகராகாது, செய்ய முயல்வதும் தேவையில்லை. ஆனால் யந்திரம் உறுப்பைத் தருகிறதே தவிர ரோபோவைத் தருவதில்லை. உறுப்பும் உறுப்பும் சந்திக்கும் இடத்தில் பிசிறு, கோணல், தளர்வு, உராய்வு ஆகிய நான்கு பகைகளும் குடியிருக்கின்றன; அந்த இடத்துக்கு விரலும் விரலளவான கருவியுமே போக முடியும். மின்கலத்தால் இயங்கும் துளைக் கருவியால் போல்ட்டை இறுக்குகிறவனுக்கு மரை கிழிந்தபின்தான் செய்தி எட்டுகிறது. கைச் சாவியால் இறுக்குகிறவனுக்கு அது இறுகத் தொடங்கும்போதே மணிக்கட்டில் செய்தி எட்டுகிறது.

ஆகவே, இந்த ஆராய்ச்சியின் முடிவு இது. போட்டி ரோபோப் பட்டறையில் மதிப்புக் குறைத்து எண்ணப்படும் கருவிகள் எல்லாம் ஓர் இனத்தவை. அவை படைப்பவை அல்ல, படைக்கப்பட்டவற்றைச் சேர்ந்து வாழச் செய்பவை. அவற்றுள் முதலிடம் பிசிறு நீக்கும் கருவிகளுக்கும், இரண்டாமிடம் நெரிகுறட்டுக்கும், மூன்றாமிடம் சாயப் பேனாவுக்கும் உரியது என்பது என் தீர்ப்பு.

நம் பள்ளிகளில் ரோபோக் கழகம் நடத்தும் ஆசிரியர்களையும், அதற்குப் பொருளுதவி செய்யும் பெற்றோர்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. அடுத்த யந்திரத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்குமுன், ஓர் அரம், ஒரு மூலைமட்டம், ஒரு மையக் குத்தூசி, நல்ல ஆலன் சாவிகள் ஒரு தொகுதி ஆகியவற்றை வாங்குங்கள். ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவரை ஒரு சனிக்கிழமை அழைத்துப் பிள்ளைகளின் நடுவே உட்கார வையுங்கள். அவர் முதலில் துளையின் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொல்வார். பிள்ளைகள் தடவிப் பார்க்கட்டும்.